வேலை முடிந்தது, பணம் எங்கே? ஃப்ரீலான்ஸர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொழிபெயர்ப்பும் எடிட்டிங்கும் என் பிழைப்பு. 14 ஆண்டுகளாக மாதச் சம்பளம் என்பது கிடையாது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மொழியைப் பற்றிக் கேட்பது குறைவு. சுற்றி வளைத்துக் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை, என்ன செய்வது? பலருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டிசைனர், புரோகிராமர், போட்டோகிராபர் என்று யாராக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

வேலையைக் கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பணம் வரவில்லை. ஏமாற்றப் பார்க்கிறார்களா?

ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த தாமதங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் மேஜையில் உங்கள் காகிதம் தூங்குவதால் வந்தவை.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு நிறுவனத்துக்கு 200 பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வேலை கொடுத்த மேலாளர் தங்கமான மனிதர். "அருமையா இருக்கு, பேமென்ட் போட்டுடுவாங்க" என்றார். மூன்று மாதம் அவருக்கே மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன், மொத்தம் 11 மெயில். ஒவ்வொன்றுக்கும் "சொல்லிட்டேன் மேடம்" என்று பதில் வரும். கடைசியில் பொறுக்க முடியாமல் அலுவலகத்தின் பொது எண்ணை அழைத்துக் கணக்குப் பிரிவைக் கேட்டேன். எடுத்த பெண் இரண்டு நிமிடம் தேடிவிட்டு, "உங்க பேர்ல இன்வாய்ஸே எங்களுக்கு வரலையே" என்றார். பணம் கேட்டு நான் அனுப்பிய அந்த பில், மேலாளரின் இன்பாக்ஸிலேயே கிடந்திருக்கிறது. அன்றே அந்தப் பெண்ணுக்கு நேரடியாக அனுப்பினேன், ஒன்பதாம் நாள் பணம் வந்தது.

அந்த மூன்று மாதமும் நான் மனதுக்குள் அந்த நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டியதில் நியாயம் இருந்தது, கேட்ட இடம்தான் தப்பு. ஆகவே கெட்ட எண்ணம் என்று முடிவுகட்டும் முன் காகிதம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வேலை கொடுக்கிறவர் ஒருவர், ஒப்புதல் தருகிறவர் இன்னொருவர், பணம் போடுகிறவர் மூன்றாமவர். சின்ன நிறுவனத்தில் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். அங்கே தாமதத்துக்குக் காரணம் வேறாக இருக்கும், பெரும்பாலும் கையில் காசு இல்லாமை.

அப்படியென்றால் யாரிடம், எப்போது கேட்க வேண்டும்?

வேலையைத் தொடங்கும் முன். "ரேட் ஓகே, எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று அவர்கள் கேட்கும் நேரம்தான் உங்கள் கை ஓங்கி இருக்கும் ஒரே நேரம். அப்போது நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இன்வாய்ஸ் எந்த முகவரிக்குப் போக வேண்டும், கணக்குப் பிரிவில் யாரோடு பேசுவது, பர்ச்சேஸ் ஆர்டர் எண் (வேலைக்காக நிறுவனம் தரும் கொள்முதல் ஆணையின் எண்) தேவையா, மாதத்தில் எந்தெந்தத் தேதிகளில் பணம் போடுவார்கள்.

கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை. பல நிறுவனங்கள் தினமும் பணம் அனுப்புவதில்லை. மாதத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ மொத்தமாகப் பட்டியல் போட்டு அனுப்புவார்கள். பட்டியல் மூடிய மறுநாள் உங்கள் இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். மாதம் ஒரு சுற்று மட்டும் உள்ள இடத்தில் ஒரு நாள் தாமதத்துக்கு விலை ஒரு மாதம்.

பெரிய நிறுவனமாக இருந்தால் உங்களை விற்பனையாளராகப் பதிவு செய்யவே வாரக்கணக்கில் ஆகலாம். வங்கி விவரம், வரி எண், கையெழுத்திட்ட படிவம் என்று கேட்பார்கள். வேலை முடிந்த பிறகு அதை ஆரம்பித்தால் அந்த வாரங்களும் உங்கள் காத்திருப்புக் கணக்கில்தான் சேரும். முதல் நாளிலேயே "பதிவு செய்ய என்ன வேண்டும்?" என்று கேட்டு அனுப்பிவிடுங்கள்.

இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும்?

இன்வாய்ஸைத் திருப்பி அனுப்ப யாருக்கும் காரணம் கிடைக்கக் கூடாது. எண், தேதி, உங்கள் சட்டப்பூர்வப் பெயர், கிளையன்ட் நிறுவனத்தின் சரியான முழுப்பெயர், செய்த வேலை ஒரு வரியில், தொகை, வரி எண், வங்கி விவரம், பர்ச்சேஸ் ஆர்டர் எண். அப்புறம் மிக முக்கியமாக, பணம் வர வேண்டிய தேதி. "30 நாட்களுக்குள்" என்று மட்டும் எழுதாமல் நாள், மாதம், ஆண்டு என்று முழுத் தேதியாக எழுதுங்கள். 30 நாள் என்றால் வாசிப்பவர் கணக்குப் போட வேண்டும், தேதி என்றால் பார்த்தாலே தெரிந்துவிடும். பிடிஎஃப் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயரும் இன்வாய்ஸ் எண்ணும் இருக்கட்டும். 'இன்வாய்ஸ் ஃபைனல் 2' என்ற பெயரில் வரும் கோப்பை ஒரு கணக்காளர் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார், பாவம்.

வேலையை ஒப்படைத்த அன்றே அனுப்புங்கள். நாமே பத்து நாள் கழித்து அனுப்பிவிட்டு அவர்கள் தாமதிப்பதாகக் குறைபடுவது நம் கூட்டத்தில் சகஜம். நானும் செய்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் '30 நாள்' என்று இருக்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வெறுமனே 30 நாள் என்றால் வழக்கமாக இன்வாய்ஸ் தேதியிலிருந்து. ஆனால் 'மாத முடிவிலிருந்து 30 நாள்' என்று ஒரு வகை உண்டு. பிப்ரவரி 28 தேதியிட்ட இன்வாய்ஸுக்கு அதன்படி மார்ச் 30-ல் பணம். அதையே ஒரு நாள் தள்ளி மார்ச் 1 என்று தேதி போட்டால் ஏப்ரல் 30. இந்த வகை நிபந்தனை இருக்கிற கிளையன்டுக்கு மாதக் கடைசியில் தூங்காமலாவது இன்வாய்ஸ் அனுப்பிவிடுவேன்.

இதைவிட ஆபத்தான சொற்கள் இரண்டு: 'ஒப்புதல் கிடைத்ததும்', 'பிரசுரமானதும்'. இரண்டிலும் தேதியே இல்லை. ஒப்புதல் தர வேண்டியவர் விடுமுறையில் போனால், நிர்வாகம் மனம் மாறிக் கட்டுரையை வெளியிடாமல் விட்டால் உங்கள் உழைப்புக்கு விலையே இல்லாமல் போகும். "ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாள்" என்று மாற்றக் கேளுங்கள். முடியாது என்றால் அதைத் தாண்டக் கூடாத ஒரு கடைசித் தேதியாவது வேண்டும்: "பிரசுரமானதும் அல்லது ஒப்படைத்து 60 நாளில், எது முந்தியோ அது." இந்த ஒற்றை வரியால் நான் மீட்ட பணம் நிறைய.

பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படி எழுதுவது?

கடன் வாங்கியவர் கலங்குவார் என்பார்கள். நம் தொழிலில் கடன் கொடுத்த நாம்தான் கலங்குகிறோம். முடித்த வேலைக்குப் பணம் வராத ஒவ்வொரு நாளும் நீங்கள் கிளையன்டுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்", "சும்மா ஞாபகப்படுத்தலாம் என்றுதான்" போன்ற வாசகங்கள் தானாக உதிர்ந்துவிடும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். மின்கட்டண நினைவூட்டல் எந்தக் குரலில் வருகிறதோ அந்தக் குரல் போதும்.

முதல் மெயிலைக் கெடு தப்பிய பிறகு அனுப்பாதீர்கள், கெடுவுக்கு ஐந்து நாள் முன்பே அனுப்புங்கள். அப்போது யாரும் தவறு செய்திருக்கவில்லை என்பதால் எழுதுவதும் சுலபம்:

"வணக்கம். இன்வாய்ஸ் எண் 47-க்கான தொகை வரும் 20-ஆம் தேதி வர வேண்டும். அந்தத் தேதிப் பட்டியலில் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? ஏதாவது ஆவணம் குறைந்தால் இன்றே அனுப்புகிறேன்."

கெடு தப்பிய மறுநாள் இரண்டாவது:

"வணக்கம். இன்வாய்ஸ் எண் 47 நேற்று வர வேண்டியது, இன்னும் கணக்கில் ஏறவில்லை. எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று தெரிவியுங்கள். இன்வாய்ஸை மீண்டும் இணைத்திருக்கிறேன்."

"எப்போது தருவீர்கள்?" என்று கேட்டால் "சீக்கிரம்" என்று பதில் வரும். "எந்தத் தேதி?" என்று கேட்டால் ஒரு தேதி வரும். தேதி வந்துவிட்டால் அடுத்த மெயிலுக்கு நீங்கள் வாசகம் தேடத் தேவையில்லை: "12-ஆம் தேதி என்றீர்கள், இன்று 13." ஒரே மெயில் தொடரிலேயே பதில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய வாய்தாக்கள் எல்லாம் கீழே வரிசையாகத் தெரியும், நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதே இல்லை.

வாட்ஸ்அப்பில் பேசலாம். ஆனால் அங்கே சொன்னதை அன்றே ஒரு மெயிலாக எழுதிவிடுங்கள்: "இன்று பேசியபடி 12-ஆம் தேதி பாதித் தொகை, 25-ஆம் தேதி மீதி." பின்னால் எப்போதாவது ஒருவரிடம் காட்ட வேண்டி வந்தால் இதுதான் சாட்சி.

மூன்று மெயிலுக்கும் பதிலே இல்லை. அடுத்து?

போன். எழுதுவதில் வல்லவர்களான நாம் போனுக்குப் பயப்படுகிறோம். மெயிலை மூடிவிட்டுப் போவது சுலபம், லைனில் இருக்கும் ஆளுக்கு ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். காலை நேரத்தில் கூப்பிடுங்கள். முதலில் கணக்குப் பிரிவு, பிறகு வேலை கொடுத்தவர், அதன் பிறகு அவருக்கு மேலே இருப்பவர். மேலே போவதைப் போட்டுக்கொடுப்பதாக எண்ண வேண்டாம். பல முறை மேலதிகாரிக்கு விஷயமே தெரிந்திருக்காது.

அந்த நிறுவனத்துக்கு வேறு வேலை செய்துகொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். "47-ஆம் எண் தீர்ந்ததும் மீதி அத்தியாயங்களைத் தொடர்கிறேன்" என்ற ஒரு வரி, பத்து நினைவூட்டலுக்குச் சமம். பழைய பாக்கி நிற்கும்போதே புது வேலையை எடுத்துக்கொண்டு போவதுதான் இந்தத் தொழிலில் ஆளை மூழ்கடிக்கும் தவறு. பாக்கி பெருகப் பெருக விட்டு விலகவும் மனம் வராது.

அட்வான்ஸ் கேட்டால் புது கிளையன்ட் ஓடிவிட மாட்டாரா?

சிலர் ஓடுவார்கள். ஓடியவர்களில் பாதிப் பேர் கடைசியிலும் ஓடியிருப்பார்கள் என்பது என் அனுமானம்.

நான் புது ஆட்களிடம் பாதி கேட்பேன். இரண்டு மூன்று நாளில் முடியும் சின்ன வேலை என்றால் முழுத்தொகையும் முன்கூட்டியே. நீண்ட வேலை என்றால் நான்கு தவணை, ஒவ்வொன்றும் ஒரு பகுதி வேலையோடு கட்டியது. இதில் ஒரு கணக்கு உண்டு: எந்த நேரத்திலும் வராமல் நிற்கக்கூடிய தொகை, நீங்கள் இழந்தாலும் தாங்கக்கூடிய அளவைத் தாண்டக் கூடாது. ஆறு மாத வேலையை முழுக்க முடித்துவிட்டு மொத்தத்துக்கும் ஒரே இன்வாய்ஸ் அனுப்புவது சூதாட்டம்.

அட்வான்ஸின் இன்னொரு பயன், அது ஒரு வெள்ளோட்டம். முதல் தவணை அனுப்பவே மூன்று வாரம் இழுக்கிறார்களா? கடைசித் தவணை எப்படி வரும் என்று இப்போதே தெரிந்துவிட்டது. பெரிய நிறுவனங்களில் அட்வான்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை என்பார்கள், அது பல இடங்களில் உண்மைதான். அங்கே 'முதல் பகுதி ஒப்படைத்ததும் முதல் இன்வாய்ஸ்' என்று கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

பணத்தில் தாமதம் இல்லை. ஆனால் தகவல், படம், கருத்து எதையும் நேரத்தில் தர மாட்டேன் என்கிறார். வேலை முடிந்தால்தானே இன்வாய்ஸ் போட முடியும்?

இதுவும் பணத் தாமதம்தான், வேறு வேஷத்தில் வருகிறது. இரண்டில் இதுதான் மோசம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் இங்கே கெடு தப்பியவராகத் தெரிவது நீங்கள். கிளையன்ட் இரண்டு வாரம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை திருத்தங்களை அனுப்பி, "திங்கட்கிழமை வேணும்" என்பார். அந்த இரண்டு வாரமும் நீங்கள் அவருக்காக வேறு வேலை எடுக்காமல் காத்திருந்திருப்பீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் கெடுவை நாட்காட்டித் தேதியிலிருந்து கழற்றி அவருடைய கெடுவோடு மாட்டுவது. "மார்ச் 15-ல் முடிப்பேன்" என்று எழுத வேண்டாம். "எல்லாப் படங்களும் கைக்கு வந்த நாளிலிருந்து பத்து வேலை நாளில் முடிப்பேன்" என்று எழுதுங்கள். இனி அவர் தாமதித்தால் நகர்வது அவருடைய வெளியீட்டுத் தேதி.

இரண்டாவது, மௌனத்துக்கு ஒரு பொருள் கொடுத்துவிடுவது. "ஒப்படைத்து ஏழு வேலை நாளுக்குள் திருத்தம் எதுவும் வராவிட்டால் வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டு இன்வாய்ஸ் அனுப்பப்படும்." பெரும்பாலான கிளையன்ட்கள் இதற்கு ஆட்சேபம் சொல்வதில்லை, தாங்கள் தாமதிக்கப்போவதில்லை என்றே அப்போது அவர்கள் நம்புகிறார்கள். ஆறாம் நாள் "நாளை கடைசி நாள்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள், அது மரியாதை.

மூன்றாவது, உறங்கும் வேலைக்கான வரி: "30 நாள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால் அதுவரை செய்த வேலைக்கு இன்வாய்ஸ் அனுப்பப்படும். மீண்டும் தொடங்கும்போது அப்போதைய வேலைப்பளுவைப் பொறுத்துப் புதிய தேதி தரப்படும்." ஒரு வேலையை இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மறுபடி மண்டைக்குள் ஏற்றவே ஒரு நாள் ஆகும். அந்த நாளுக்கும் கட்டணம் உண்டு என்று முன்பே சொல்லி வைத்தால் பின்னால் சண்டை இல்லை. வேலையைப் பாதியில் அவர்களே கைவிட்டால் என்ன தர வேண்டும் என்பதையும் ஒரு சதவீதமாக எழுதிக்கொள்ளுங்கள்.

வீடியோ அழைப்புக்கு அரைமணி தாமதமாக வருபவரைப் பற்றியும் கேட்கிறார்கள். 15 நிமிடம் காத்திருப்பேன், "இன்று முடியவில்லை போலிருக்கிறது, நாளை 11 மணி அல்லது வியாழன் 4 மணி சரிவருமா?" என்று எழுதிவிட்டு வெளியேறிவிடுவேன். இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாம் முறை நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஏனோ தெரியாது, வேலை செய்கிறது.

நடுவில் உள்ள ஏஜென்சி, "எங்க கிளையன்ட் எங்களுக்கே இன்னும் தரலை" என்கிறது.

உங்கள் ஒப்பந்தம் யாரோடு? ஏஜென்சியோடு என்றால் அவர்களுக்குப் பணம் வந்ததா வரவில்லையா என்பது அவர்களுடைய கவலை. நடுவில் இருப்பதற்காகத்தானே அவர்கள் லாபம் எடுக்கிறார்கள், அந்த அபாயமும் அந்த லாபத்துக்குள் அடக்கம். "எங்களுக்கு வந்ததும் உங்களுக்கு" என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் நிலைமை வேறு. கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் பாருங்கள், இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

தாமதக் கட்டணம் போடலாமா? சீக்கிரம் கொடுத்தால் தள்ளுபடி கொடுக்கலாமா?

தாமதக் கட்டணம் ஒப்பந்தத்திலும் இன்வாய்ஸிலும் முன்பே இருந்தால் போடலாம், திடீரென்று சேர்த்தால் தகராறுதான் வரும். மாதம் 1.5 சதவீதம் என்று பலர் எழுதுகிறார்கள், ஆண்டுக்கு 18 சதவீதம் ஆகிறது. உண்மையில் நான் அதை வசூலித்தது மிகச் சில முறைதான். "இந்த வாரத்துக்குள் அசல் வந்துவிட்டால் கட்டணத்தை விட்டுவிடுகிறேன்" என்று சொல்லக் கையில் ஒரு சீட்டு இருப்பதுதான் அதன் பெரிய பயன்.

தள்ளுபடி பற்றி யோசித்துச் செய்யுங்கள். '10 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் குறைவு, இல்லையேல் 30 நாளில் முழுத்தொகை' என்பது வணிக உலகின் பழைய வழக்கம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. 20 நாள் முன்னதாகப் பணம் பெற 2 சதவீதம் இழப்பதை ஆண்டு வட்டியாக்கினால் சுமார் 37 சதவீதம். அவ்வளவு வட்டிக்கு வேறெங்கும் கடன் வாங்க மாட்டீர்கள் அல்லவா? கைச்செலவுக்கே வழியில்லாத மாதத்தில் மட்டும் இது சரி.

பணம் வரும் வரை கோப்பைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா?

இறுதிக் கோப்பை ஒப்படைக்கும் முன் என்றால், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால், தாராளமாக. டிசைனர்கள் குறைந்த தரப் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குகிறார்கள், புரோகிராமர்கள் சோதனை சர்வரில் காட்டுகிறார்கள். மூலக் கோப்பும் பதிப்புரிமையும் முழுப்பணம் வந்த பிறகே கைமாறும் என்று எழுதி வைப்பது எல்லோருக்கும் நல்லது. பணம் தராமல் உங்கள் படைப்பைப் பயன்படுத்தினால் அது பாக்கியோடு உரிமை மீறலும் ஆகிவிடுகிறது. பாக்கிக்கு அசையாத பலர் அதற்கு அசைவார்கள்.

ஆனால் ஒப்படைத்துவிட்ட இணையதளத்துக்குள் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு நுழைந்து முடக்குவது கூடாது. பணம் வாங்க வேண்டியவர் என்ற இடத்திலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்கு ஒரே இரவில் போய்விடுவீர்கள்.

வெளிநாட்டு கிளையன்ட் "அனுப்பிவிட்டேன்" என்கிறார். கணக்கில் எதுவும் இல்லை.

வங்கிவழிப் பரிமாற்றம் சில வேலை நாட்கள் எடுக்கும், வழியில் விடுமுறை வந்தால் இன்னும் கூடும். ஐந்து வேலை நாள் தாண்டினால் ஸ்விஃப்ட் காப்பி, அதாவது பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் ஆவணம், கேளுங்கள். உண்மையில் அனுப்பியவர் தன் வங்கியிடம் அதை வாங்கித் தர முடியும். அதில் இருக்கும் குறிப்பு எண்ணை வைத்து உங்கள் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடலாம். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் இடையில் நிறுத்திவிடலாம்.

தொகை குறைந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இடைத்தரகு வங்கியின் கட்டணம். அனுப்பும்போது கட்டணத்தை அனுப்புபவர் ஏற்பதா, பெறுபவர் ஏற்பதா, பகிர்வதா என்று ஒரு தேர்வு உண்டு. 'கட்டணம் அனுப்புபவருடையது' என்று இன்வாய்ஸிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சட்டம் ஏதாவது உதவுமா?

நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் தாமதப் பணத்துக்கு எதிரான சட்டம் பல இடங்களில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை, அதனால் சில உதாரணங்கள்.

இந்தியாவில் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவர்களுக்கு ஒப்பந்தத்தில் எது எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தேதியே பேசியிருக்காவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தனிநபராகச் சேவை செய்பவர்களும் இதற்கான அரசுப் பதிவுத் தளமான உத்யமில் பதியலாம். சிக்கல் வந்த பிறகு பதியாமல் வேலை தொடங்கும் முன்பே பதிந்து வைப்பது புத்திசாலித்தனம்.

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனங்களுக்கு இடையிலான பாக்கிக்கு, இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கலாம். அதோடு பாக்கியின் அளவைப் பொறுத்து 40, 70 அல்லது 100 பவுண்டு நிலையான இழப்பீடும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு உத்தரவும் ஏறக்குறைய இதே அமைப்புதான், குறைந்தபட்ச இழப்பீடு 40 யூரோ. நியூயார்க் நகரம் 2017 மே மாதத்திலிருந்து ஃப்ரீலான்ஸர்களுக்கென்றே சட்டம் வைத்திருக்கிறது: 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்து 30 நாளில் பணம். பின்னர் நியூயார்க் மாநிலத்திலும் இல்லினாயிலும் 2024-ல் இப்படிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, கலிஃபோர்னியாவில் 2025-ல்.

வழக்குப் போட வேண்டிய நிலை அபூர்வமாகத்தான் வரும். சட்டத்தின் பெயரையும் வட்டிக் கணக்கையும் போட்டு, 14 நாள் கெடு கொடுத்து, கடைசி அறிவிப்பு ஒன்று அனுப்பினாலே பாதிக் கதவுகள் திறந்துவிடும். ஒரு எச்சரிக்கை: வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு. இப்படிப்பட்ட பாக்கிக்கு இந்தியாவில் பொதுவாக மூன்று ஆண்டு, இங்கிலாந்தில் ஆறு. "பாக்கி இருப்பது உண்மைதான்" என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி வைத்தால் அந்தக் கணக்கே புதிதாகத் தொடங்கலாம், அதனால் அப்படி ஒன்று கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

நிறுவனமே திவாலாகிவிட்டால்?

உடனே அதை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவரிடம் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள், அதற்கும் கெடு உண்டு. அடமானம் பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பிறகுதான் நம் முறை வரும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சமூக ஊடகத்தில் பெயரைப் போட்டு எழுதிவிடட்டுமா?

கை துறுதுறுக்கும், தெரியும். எழுதினால் சில நேரம் மறுநாளே பணம் வந்தும் விடுகிறது. ஆனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் இருக்க வேண்டும், 'மோசடி', 'திருடர்கள்' போன்ற சொற்கள் அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடலாம். அடுத்த கிளையன்டும் அதைப் படிப்பார். தொழில் நண்பர்கள் குழுவில் "இவர்களிடம் வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று வேலை எடுக்கும் முன்பே கேட்பது இதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

கிளையன்ட் நெருங்கிய நண்பர். எப்படிக் கேட்பது?

நண்பருக்கு இலவசமாகச் செய்யுங்கள், இல்லையென்றால் முழுக் கட்டணத்துக்கு அட்வான்ஸோடு செய்யுங்கள். நடுவில் நின்றால் நட்பும் போகும், பணமும் போகும்.

இதற்கிடையில் வாடகை எப்படிக் கொடுப்பது?

அனுப்பிய இன்வாய்ஸை வருமானமாக எண்ணுவதை நிறுத்துங்கள். கணக்கில் ஏறியதுதான் வருமானம். ஒரு தாளில் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் இரண்டு தேதி எழுதுங்கள்: வர வேண்டிய நாள், வந்த நாள். ஓராண்டு முடிவில் எந்த கிளையன்ட் சராசரியாக எத்தனை நாள் எடுக்கிறார் என்று தெரிந்துவிடும். என்னிடம் எப்போதும் 50-ஆம் நாள் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார். ஒப்பந்தத்தில் 30 இருந்தாலும் என் செலவுத் திட்டத்தில் அவருக்கு 50-தான், அதனால் அவர் என் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. அவருக்கான கட்டணத்தில் அந்த 20 நாளின் விலையும் சேர்ந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

வரும் பணத்தை எல்லாம் ஒரு கணக்கில் விட்டு, அதிலிருந்து மாதாமாதம் ஒரே தொகையை உங்களுக்குச் சம்பளமாக மாற்றிக்கொள்ளுங்கள். கடந்த 12 மாத வரவில் மிக மெலிந்த மூன்று மாதங்களின் சராசரிதான் அந்தச் சம்பளம். வரிக்கான பங்கை வந்த அன்றே தனியாக ஒதுக்குங்கள், அது உங்கள் காசு இல்லை. மூன்று மாதச் செலவு சேர்ந்த பிறகு ஒரு மாற்றம் தெரியும்: பாக்கி கேட்கும் மெயிலில் உங்கள் குரல் மாறியிருக்கும். அவசரம் இல்லாதவர் எழுதும் மெயில் வேறு மாதிரி இருக்கிறது.

வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளையன்ட் தருகிறார் என்றால் அவர் நல்லவராகவே இருந்தாலும் கவலைப்படுங்கள். அவருடைய கணக்காளர் விடுப்பில் போனால் உங்கள் வீட்டில் மாதம் நின்றுவிடும்.

எப்போது 'போனது போகட்டும்' என்று விடுவது?

துரத்தச் செலவாகும் மணிநேரத்தை உங்கள் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். அது பாக்கியை நெருங்கும்போது நிறுத்துங்கள். ஒரு முறை ஒரு சிறு தொகைக்காக ஏழு மாதம் மெயில் எழுதினேன். அந்த நேரத்தில் அதைப்போல நான்கு மடங்கு சம்பாதித்திருப்பேன். கணக்கிலிருந்து முறைப்படி நீக்கும்போது வரியில் சலுகை உண்டா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இழுத்தடித்தவர் மறுபடி வேலை கொடுத்தால் எடுக்கலாமா?

இழுத்தது மனிதரா, அவர்களுடைய நடைமுறையா என்று பாருங்கள். போனை எடுக்காதவர், பொய்த் தேதி சொன்னவர், "வேலை சரியில்லை" என்று பணம் கேட்ட பிறகு புதிதாகக் கண்டுபிடித்தவர் என்றால் வேண்டாம், அல்லது முழுத்தொகையும் முன்னால். நடைமுறைச் சிக்கல்தான் என்றால் அதைச் சரிசெய்துவிட்டு எடுக்கலாம். அந்த 200 பக்கக் கையேட்டு நிறுவனத்துக்கு நான் இன்றும் வேலை செய்கிறேன். மேலாளர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். கணக்குப் பிரிவில் அதே பெண்தான். இன்வாய்ஸ் அவருக்கு நேராகப் போகிறது, மேலாளருக்கு நகல் மட்டும்.